மைனஸ் போட்ட தொண்ணூற்று நாலு

மைனஸ் என்று ஊரே கூப்பிடுகிற அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவருடைய ஓட்டுநர் உரிமத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் நூறிலிருந்து ஆரம்பிப்பார். கதவு சரியாக மூடவில்லையா, மைனஸ் ஒன்று. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, மைனஸ் இரண்டு. பானெட்டுக்கு மறுபடி பெயின்ட் அடித்திருக்கிறார்களா, மைனஸ் நாலு. கடைசியில் மிஞ்சுவதுதான் வண்டியின் மார்க். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எந்த வண்டிக்கும் தொண்ணூற்றொன்றுக்கு மேல் போட்டதில்லை. அந்தத் தொண்ணூற்றொன்றும் ஒரு டாக்டரம்மா ஷெட்டை விட்டு வெளியே எடுக்காமலே விற்ற வண்டி. அதைக்கூட மனசில்லாமல்தான் போட்டார்.

அவரிடம் ஒரு தாள் உண்டு. நூற்றிருபது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று 'சரி' என்று இருக்கும், இல்லையென்றால் ஒரு கழித்தல் குறி இருக்கும். காலியாக ஒரு கட்டம் இருக்காது, அடித்துத் திருத்திய ஒரு எழுத்து இருக்காது. கீழே கையெழுத்து. அந்தத் தாளைப் பார்த்துவிட்டால் விற்கிறவன் மேற்கொண்டு வாய் திறக்க மாட்டான்.

இவ்வளவு கறாரான மனுஷருக்குத் தீராத வியாதி ஒன்று இருந்தது. அந்த வியாதியின் பெயர் சகலை.

மனைவியின் தங்கையைக் கட்டியவர். கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. அதற்கு முந்தின எட்டு வருஷமும் மாமனார் வீட்டுக்கு மைனஸ் ஒருவர்தான் மாப்பிள்ளை. பாயசம் வைத்தால் முதல் டம்ளர் அவருக்கு. தண்ணீர் மோட்டாரிலிருந்து இஸ்திரிப் பெட்டிவரை அந்த வீட்டில் எது வாங்கினாலும், "பெரிய மாப்பிள்ளை ஒரு பார்வை பார்த்துடட்டும்" என்பார் மாமனார். பிறகு சகலை வந்து சேர்ந்தார். வரும்போது ஒரு ஸ்கூட்டரும், அதன் பின்னால் கட்டிய டைல்ஸ் சாம்பிள் பெட்டியும்தான் சொத்து. வீடு வீடாகப் போய்க் குளியலறை டைல்ஸ் விற்றார். இன்றைக்கு இரண்டு கடை, ஒரு கிடங்கு. வாயைத் திறந்தால் சிரிப்பு. மாமியாருக்கு முழங்கால் வலி என்றால் முதலில் வந்து நிற்பதும் சகலைதான். இப்படிப்பட்டவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் என்பது பட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கெட்டவனாக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சகலையிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, வண்டி ஒண்ணு பார்த்திருக்கேன். கொஞ்சம் பெரிசு. ஏழு பேர் உட்காரலாம். நீங்க வந்து பார்த்துச் சொன்னாதான் வாங்குவேன்."

"கொஞ்சம் பெரிசுன்னா?"

"பக்கத்துல நின்னா கூரை தெரியல அண்ணே."

போனை வைத்ததும் மைனஸுக்கு ஜன்னல் வழியாகத் தன்னுடைய வண்டிதான் கண்ணில் பட்டது. பதினாலு வயசான சின்னக் கார். நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவருடைய தாளில் அதற்கு எத்தனை வரும் என்று அவர் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை.

சட்டை மாட்டும்போது மனைவி சொன்னாள்: "போய்ப் பார்த்துட்டு ஏதாவது நொட்டை சொல்லாம வரமாட்டீங்க. எனக்குத் தெரியும்."

"இருந்தா சொல்லாம இருக்க முடியுமா?"

"இல்லாட்டியும் சொல்லுவீங்க. பாவம், ஆசையாக் கூப்பிடறார்."

இது மைனஸுக்குச் சுருக்கென்று தைத்தது. இல்லாததைச் சொன்ன பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் ஏதாவது இருக்க வேண்டுமே என்று அப்போதே மனசு வேண்டிக்கொண்டிருந்தது உண்மை.

வண்டி ஒரு பெரிய விற்பனைக் கொட்டகையின் நடுவில் நின்றது. வெள்ளை. மற்ற வண்டிகளெல்லாம் அதைச் சுற்றிக் கைகட்டி நிற்பதுபோல் இருந்தன. சகலையின் கை அதன் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டே இருந்தது. மைனஸைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"எப்படி அண்ணே?"

"இன்னும் பக்கத்துலயே போகல."

எப்போதும் மைனஸ் பின்னாலிருந்துதான் ஆரம்பிப்பார். விற்கிறவன் முன்பக்கத்தைத்தான் குளிப்பாட்டி, பவுடர் போட்டு நிறுத்துவான், பின்பக்கத்தை மறந்துவிடுவான் என்பது அவருடைய தொழில் ரகசியம். அன்றைக்கு முறை மாறிப்போனது. கால்கள் நேராக ஓட்டுநர் கதவுக்குப் போயின. ஏறி உட்கார்ந்தார். எதிரே கொட்டகை வாசல் காலடியில் கிடந்தது. தெருவில் போகிறவர்களின் தலை உச்சி தெரிந்தது. மாமனாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சகலை இந்த உயரத்திலிருந்து ஓட்டிப்போவதை நினைத்துப் பார்த்தார். வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.

இறங்கி வேலையில் இறங்கினார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார் என்றுதான் சொல்ல வேண்டும். பெயின்ட் கனம் அளக்கும் கருவியை ஒவ்வொரு தகட்டிலும் வைத்தார். எல்லா இடத்திலும் கம்பெனி பெயின்ட். கதவுக் கீல்களின் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு கீறல் இல்லை. அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். எண்ணெய்க் கசிவு இல்லை, வளைவு இல்லை, வெல்டிங் இல்லை. இன்ஜின் தூங்கும் குழந்தை மாதிரி சீராக மூச்சு விட்டது. தெருவில் ஓட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்தால் கோடு போட்டதுபோல் நின்றது.

ஒவ்வொரு 'சரி' எழுதும்போதும் மைனஸுக்குத் தன் பல்லைத் தானே பிடுங்குவதுபோல் இருந்தது. எழுபது கட்டம் தாண்டியும் போனது நாலே மார்க். சகலை பின்னாலேயே நடந்து வந்தார். ஒவ்வொரு 'சரி'க்கும் அவர் முகம் ஒரு சுற்று பெருத்துக்கொண்டே போனது.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டுமா? வண்டி வந்ததும் முதல்ல எல்லாரும் மலைக்குப் போறோம். மாமா, அத்தை, நீங்க, அண்ணி, பாப்பா, நாங்க ரெண்டு பேர். சரியா ஏழு பேர். கணக்குப் பண்ணித்தான் இந்த வண்டியையே பார்த்தேன்."

பொறாமைப்படுகிறவனிடம் இப்படியெல்லாம் பேசக் கூடாது. மைனஸ் பின்கதவைத் திறந்து மூன்றாவது வரிசையில் போய் மடங்கி உட்கார்ந்தார். முழங்கால் மார்பில் இடித்தது. மலைக்குப் போகும்போது தன் இடம் இதுதான் என்பது அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. முன்னால் மாமனார், நடுவில் மாமியாரும் அக்கா தங்கையும். பெரிய மாப்பிள்ளை பெட்டிகளோடு பெட்டியாக.

எண்பத்தேழாவது கட்டம், சீட் பெல்ட். முன்சீட்டுப் பெல்ட்டுகள் புத்தம் புதிதாகத்தான் இருந்தன. இந்த வண்டிக்கு அவை கொஞ்சம் அதிகமாகவே புதிது என்று அப்போதே ஒரு நெருடல். மூன்றாவது வரிசைப் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். வழக்கமாக யாரும் பாதிவரைதான் இழுப்பார்கள். அவர் கடைசிவரை, இனி வராது என்று அது முரண்டு பிடிக்கும்வரை இழுப்பார். வந்தது. கடைசி ஒரு சாண் நீளத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேர்க்கோடு. விரலால் தேய்த்தார். நகக்கண்ணில் மாவு மாதிரி வண்டல் ஒட்டியது.

வெள்ளத்தில் நின்ற வண்டி. இன்ஜினைப் பிரித்துக் கழுவியிருக்கிறார்கள், முன்சீட்டுப் பெல்ட்டை மாற்றியிருக்கிறார்கள், வாசனைப் புட்டி தொங்கவிட்டிருக்கிறார்கள். மூன்றாவது வரிசையை எவனும் மதிப்பதில்லை, விற்கிறவன் உள்பட.

கால் பக்கத்துக் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கினால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். கை அதுவரை போனது.

"என்ன அண்ணே, ஏதாவது கிடைச்சிடுச்சா?" என்று வெளியிலிருந்து சகலை கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்தில் நின்ற கொட்டகைக்காரர்தான் சிரித்தார்.

"சகலை வண்டியாச்சே. கிடைக்காம விடுவாரா?"

மைனஸுக்குக் காது மடல் சுட்டது. காலையில் மனைவி, இப்போது இவன். ஆக, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. இப்போது இறங்கிப்போய் வெள்ளம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பினாலும், என்ன பாடுபட்டுக் கண்டுபிடித்தான் பார் என்றுதானே நினைப்பார்கள்? நானே நம்புகிறேனா, அல்லது கறை தேடி வந்த கண்ணுக்குக் கறை தெரிகிறதா? ஏதோ குழந்தை காப்பியைக் கொட்டியிருக்கலாம். நேர்க்கோடாகக் காப்பி கொட்டும் குழந்தை உலகத்தில் இல்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் பெல்ட்டை விட்டார். அது சர்ரென்று உள்ளே ஓடி ஒளிந்துகொண்டது.

பேனா எண்பத்தேழாவது கட்டத்தின்மேல் வந்து நின்றது. கழிக்க வெட்கமாக இருந்தது. 'சரி' எழுதக் கை வரவில்லை. அப்படியே விட்டுவிட்டு எண்பத்தெட்டுக்குப் போனார்.

"தொண்ணூத்தி நாலு" என்று தாளை நீட்டினார்.

சகலை அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. கொட்டகைக்காரரே வாயைப் பிளந்தார். அதுவரை எவருக்கும் தராத மார்க்கைத் தூக்கிக் கொடுத்த பெரிய மனசுக்காரராக மைனஸ் வீடு திரும்பினார். வழியெல்லாம் ஒரே கேள்விதான். நான் இதைப் பெருந்தன்மையால் செய்தேனா? அல்லது, அனுபவிக்கட்டும் என்று அந்த வண்டியை அவன் தலையில் கட்டினேனா? நல்லவன் செய்தானா கெட்டவன் செய்தானா என்று எவ்வளவு தோண்டியும் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு பேருடைய கையெழுத்தும் ஒரே மாதிரி இருந்தது.

அடுத்த மூன்று நாளும் அவரைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கொண்டாடினார்கள். மாமனார் போன் பண்ணி, "மாப்பிள்ளை, உங்களை நான் என்னமோன்னு நினைச்சேன்" என்றார். என்னமோ என்றால் என்ன என்று மைனஸ் கேட்கவில்லை. மனைவி கேட்காமலே காப்பி கொண்டுவந்து வைத்தாள். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அந்தக் காப்பியை அவர் ஜன்னல் ஓரத்தில் வைத்து ஆறவிட்டார்.

ஒன்பது வயசு மகள்தான் ஓயவில்லை. "அப்பா, கடைசி சீட்டு நமக்கு. நீயும் நானும். சித்தப்பாகிட்ட சொல்லி வெச்சுட்டேன்."

வண்டி எடுக்கிற நாள் வந்தது. குடும்பம் மொத்தமும் கொட்டகையில் கூடியது. பானெட்மேல் சிவப்பு நாடாவை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். மச்சினி அந்த நாடாவுக்குப் பக்கத்தில் நின்று நாலு விதமாகப் படம் எடுத்துக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் மலை என்று முடிவாகியிருந்தது. மகள் யாருக்கும் காத்திராமல் பின்கதவு வழியாக ஏறி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். க்ளிக் என்று சத்தம் கேட்டது.

மைனஸுக்கு அந்தச் சத்தத்தோடு அந்தப் பழுப்புக் கோடும் ஞாபகம் வந்தது. தண்ணீர் குடித்த வயர்கள் உள்ளுக்குள்ளே பச்சைக் களிம்பு பூத்துக்கொண்டிருக்கும். எப்போது கழுத்தறுக்கும் என்று சொல்ல முடியாது. மலைப்பாதையின் வளைவில் ஸ்டியரிங் இறுகலாம். மோதினால் ஏர்பேக் விரியாமல் போகலாம். இது பொறாமை இல்லை, இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்த வித்தியாசம் மூன்று நாளாகத் தெரியாமல், மகள் பெல்ட்டைப் போட்ட பிறகுதான் தெரிந்தது என்பதுதான் அவருக்கு வெட்கம்.

"பாப்பா, இறங்கு" என்றார்.

"ஏன்ப்பா?"

"இறங்குன்னா இறங்கு."

அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். அவர் உள்ளே போய்ப் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கார்ப்பெட்டின் ஓரத்தைப் பற்றிக் கிழித்தார். கீழே காய்ந்த சேறு வெடித்துக் கிடந்தது. சீட்டின் அடிப்போல்ட்டுகளில் துரு.

"தம்பி, இந்த வண்டி வேண்டாம். வெள்ளத்துல நின்ன வண்டி."

கொட்டகைக்காரர், "எனக்கே தெரியாதுங்க, நான் வாங்கினதே இப்படித்தான்" என்று பூசி மெழுகத் தொடங்கினார். மச்சினி பெல்ட்டைப் பார்த்தாள், பிறகு மைனஸைப் பார்த்தாள்.

"அதெப்படி மாமா, சரியா கிளம்பற நேரத்துல தெரியுது?"

மாமனார் மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளை, நீங்கதானே தொண்ணூத்தி நாலு போட்டீங்க? அன்னைக்கு இது இல்லையா?"

மைனஸுக்கு முன்னால் இரண்டு பதில் இருந்தன. ஒன்று உண்மை. அதைச் சொன்னால் பொறாமைக்காரன் என்ற பட்டம். இன்னொன்றைச் சொன்னால் இருபத்திரண்டு வருஷப் பெயர் போகும். அவர் மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"கவனிக்காம விட்டுட்டேன் மாமா" என்றார்.

சோப்புப் பெட்டி ஒரு அங்குலம் நகர்ந்திருந்தாலும் கண்டுபிடிக்கிற மனுஷன். மனைவியின் பார்வை ஒரு நிமிஷம் அவர் முகத்திலேயே நின்றது. பிறகு அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள். சகலை மட்டும், "விடுங்க அண்ணே, மனுஷன்தானே. இப்பவாவது பார்த்தீங்களே" என்று தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு அறைந்தமாதிரி இருந்தது.

வண்டி திரும்பிப் போனது, கூடவே மைனஸின் பெயரும் போனது. கொட்டகைக்காரர் சும்மா இருப்பாரா? தன் குட்டு உடைந்த கதையை அப்படியே திருப்பிப் போட்டு, மைனஸுக்கே மைனஸ் விழுந்த கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். கையில் டேப்லெட்டோடு திரிகிற ஒருவர் புதிதாகக் கிளம்பியிருந்தார். கட்டம் கிடையாது, பேனா கிடையாது, வயரைச் செருகினால் திரையில் மார்க் வரும். எல்லோரும் அவரிடம் போனார்கள். இதையெல்லாம்கூட மைனஸ் தாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனபோது சமையலறையில் புது ஃபிரிட்ஜ் நின்றது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

நாலு மாதம் கழித்துச் சகலை வேறொரு வண்டி வாங்கினார். முந்தினதைவிடப் பெரிசு, கறுப்பு. டேப்லெட்காரர் பார்த்துத் தொண்ணூற்றாறு கொடுத்திருந்தார். தள்ளிப்போன மலைப் பயணம் இந்த வண்டியில் கிளம்பியது. உட்காரும் வரிசையில் மாற்றமில்லை. முன்னால் சகலையும் மாமனாரும், நடுவில் பெண்கள் மூன்று பேர், பின்னால் மகள், மைனஸ், நாலு பெட்டி, ஒரு தண்ணீர்க் கேன். வண்டி நகர்ந்ததும் மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். முன்னாலிருந்து மாமனாரின் குரல் வந்துகொண்டே இருந்தது. "என்ன உயரம், என்ன உயரம்!"

அடிவாரத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். எல்லோரும் கை கால் கழுவ இறங்கிப் போனார்கள். தூங்கி எழுந்த மகள் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். வண்டியில் சகலையும் மைனஸும் மட்டும்தான். மைனஸ் கை தன்னால் நீண்டு பக்கத்துப் பெல்ட்டைப் பிடித்தது. இழுத்தார். கடைசிவரை இழுத்தார். கறை ஒரு புள்ளி இல்லாமல் வந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு வந்தது நிம்மதி இல்லை, ஏமாற்றம். இத்தனை நடந்த பிறகும் ஏமாற்றம். தன்மேலேயே அவருக்கு வெறுப்பாக வந்தது.

நிமிர்ந்தால், கண்ணாடியில் சகலையின் கண்கள்.

"சுத்தமா இருக்கா அண்ணே?"

"இருக்கு." பெல்ட்டை அவர் விடவில்லை. "தம்பி, அன்னைக்கு நான் கவனிக்காம விடல. பார்த்தேன். பார்த்துட்டுதான் தொண்ணூத்தி நாலு போட்டேன்."

சகலை திரும்பவில்லை. "ஏன் அண்ணே?"

"பொறாமை. வேற என்ன."

சொல்லிவிட்டு மைனஸ் தலையைக் குனிந்துகொண்டார். திட்டட்டும், இறக்கிவிடட்டும், பஸ் பிடித்துப் போய்விடலாம் என்று இருந்தார்.

"தெரியும்" என்றார் சகலை.

"எப்படி?"

"உங்க தாள் என்கிட்டதானே இருக்கு. வண்டியைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் கடைல உட்கார்ந்து எடுத்துப் பார்த்தேன். நூத்தி இருபது கட்டத்துல ஒண்ணே ஒண்ணு காலி. சீட் பெல்ட். மறந்தா அது மட்டுமா மறக்கும்? பொய் சொல்றவர்னா 'சரி'ன்னு எழுதியிருப்பீங்களே."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீங்க மாமா வீட்டுப் பக்கமே வரமாட்டீங்க." இப்போது சகலை முழுசாகத் திரும்பி, இரண்டு சீட்டுக்கு நடுவே தலையை நீட்டினார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை. "அண்ணே, நானும் ஒண்ணு சொல்லிடறேன். ஆறு வருஷமா அந்த வீட்டுல நான் எது வாங்கிக் கொடுத்தாலும், பெரிய மாப்பிள்ளை பார்த்தாரான்னுதான் முதல் கேள்வி. முதன்முதலா ஒரு மிக்ஸி வாங்கிட்டுப் போனேன். நீங்க வந்து பார்க்கறவரைக்கும் நாலு நாள் அட்டைப் பெட்டியைக்கூடப் பிரிக்கல. அன்னையிலிருந்து ஒரே வைராக்கியம். உங்களுக்கு வயிறு எரியற மாதிரி ஒண்ணு வாங்கணும். அதனாலதான் பெரிசாப் பார்த்தேன், அதனாலதான் உங்களையே கூட்டிட்டுப் போனேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இவ்வளவு எரியும்னு நினைக்கல."

மைனஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வருஷத்தில் சகலை பேசி அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சகலையும் சிரித்தார். அப்புறம் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது.

"இதுக்குப் போடுங்க" என்றார் சகலை.

"அதான் தொண்ணூத்தாறு வந்திருக்கே."

"அது மெஷின் போட்டது. உங்க வாயால சொல்லுங்க."

மைனஸ் இறங்கினார். கால்கள் மரத்திருந்தன. வண்டியை ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று வந்தார். குனிந்தார், தட்டினார், முகர்ந்தார். வழியெல்லாம் பின்னால் உட்கார்ந்து கேட்ட சத்தங்களையும் சேர்த்துக்கொண்டார்.

"எண்பத்தாறு."

சகலை முகம் வாடியது. "பத்து குறையுதே அண்ணே!"

"பின்கதவு ரப்பர் தளர்ந்திருக்கு, ரெண்டு. வலது பின்சக்கரத்துல லேசா ஒரு முனகல், மூணு. வீல் பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்க, பயமில்ல, மலை ஏறலாம். ஏசிக் காத்து கடைசிவரைக்கும் வரல, நாலு. மூணாவது வரிசைல முழங்கால் தாடையில இடிக்குது, அஞ்சு."

"அந்த சீட்டுக்கு எல்லாமா அஞ்சு மார்க்? அதுல யாரு அண்ணே உட்காரப் போறா?"

மைனஸ் குனிந்து தன் முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டார். சகலைக்கு உறைத்தது. தரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். பிறகு சாவியை எடுத்து மைனஸ் கையில் திணித்துவிட்டு, பின்கதவைத் திறந்து, பெட்டிகளுக்கும் தண்ணீர்க் கேனுக்கும் நடுவில் போய் மடங்கி உட்கார்ந்தார். மைனஸைவிட ஒரு சாண் உயரமான ஆள். முழங்கால் நெற்றிக்கே வந்தது.

"அஞ்சு பத்தாது அண்ணே" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கை கால் கழுவித் திரும்பி வந்தவர்கள், ஓட்டுநர் சீட்டில் மைனஸைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி ஏறும்போது பின்னால் மடங்கிக் கிடந்த சகலையைப் பார்த்தாள், முன்னால் கணவரின் முதுகைப் பார்த்தாள். முன்சீட்டில் ஏறிய மாமனார்தான் கேட்டார்.

"என்ன மாப்பிள்ளை, வண்டி எப்படி?"

மைனஸ் வண்டியைக் கிளப்பினார். அது மலை ஏறத் தொடங்கியது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம், எதிரே வருகிற பஸ்ஸின் ஓட்டுநர்கூடக் கண்ணுக்கு நேராகத் தெரிந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்டது. ஆறாவது வளைவில் அவர் தன்னையறியாமல் இரண்டு மார்க்கைக் கூட்டிவிட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கூட்டியது அன்றைக்குத்தான்.

"எண்பத்தெட்டு மாமா" என்றார். "நல்ல வண்டி. எனக்குப் பொறாமையா இருக்கு."

கடைசி வரிசையில் முழங்காலுக்கும் பெட்டிக்கும் நடுவிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆறு வருஷம் காத்திருந்து வாங்கிய சிரிப்பு அது.